தெய்வம் சூடும் நஞ்சு

சென்னையிலிருந்து கூடூர் மார்க்கமாக வடக்கே செல்லும் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் எளாவூர். அதற்கு அப்பால் ஆரம்பாக்கம். அதற்கும் அப்பால் தடா. தடா ஆந்திர நாட்டைச் சேர்ந்தது. ஆகவே ஆரம்பாக்கத்தைத் தமிழ்நாட்டின் வடக்கு வாசற்படி என்று சொல்லலாம். கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று. தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இடையே இரவு பகலாக லாரிகள் ஓடும் பெருஞ்சாலை. இவ்வளவு சந்தடிக்கும் நடுவில், ஒருவரும் விதைக்காமல், ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல், ஆடு மாடுகளும் வாய் வைக்காமல் செழித்து வளரும் செடிகள் சில இந்தப் பக்கத்தில் உண்டு. தமிழர் அவற்றை எருக்கு, ஊமத்தை, குன்றி, அரளி என்பார்கள். எல்லைக்கு அப்பால் தெலுங்கர் ஜில்லேடு, உம்மெத்த, குருவிந்த, கன்னேரு என்பார்கள். பெயர் மாறினாலும் குணம் மாறுவதில்லை. நான்கும் நஞ்சு, நான்கும் தெய்வ வழிபாட்டில் இடம் பெற்றவை.

இந்த இரண்டாவது விஷயந்தான் யோசிக்கத் தக்கது. மல்லிகையும் முல்லையும் தாமரையும் மலிந்த நாட்டில், பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் எருக்கையும் விதையைத் தின்றால் புத்தியைக் கலக்கும் ஊமத்தையையும் நம் முன்னோர் ஏன் தேடிப் பிடித்துத் தெய்வத்தின் தலையில் வைத்தார்கள்? வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. எல்லாம் மறைபொருள் என்று கைகூப்பிவிடுவதும் எளிது. இரண்டையும் விட்டுச் செடிகளையே கேட்டுப் பார்ப்போம்.

எருக்கின் பெருமை

எருக்கு ஏழைச் செடி. எந்த மண்ணிலும் வளரும். அதன் இலையையோ தண்டையோ கிள்ளினால் பால் வடியும். அந்தப் பாலில் இருதயத்தின் துடிப்பைக் குலைக்கும் சத்துக்கள் இருக்கின்றன. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். இதில் விபரீதம் என்னவென்றால், பெரிய வலி இல்லாமலே இது நடந்துவிடும். ஆகையால் அடிபட்டவர் "தானே சரியாகிவிடும்" என்று காலங் கடத்திவிடுவார்.

இத்தகைய செடியை வழிபாடு எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். பிள்ளையார் சதுர்த்தியன்று விநாயகருக்கு எருக்கம்பூ மாலை. ரதசப்தமியன்று ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு ஸ்நானம். வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செதுக்கி வீட்டில் வைத்தால் திருஷ்டி அணுகாது என்பது நம்பிக்கை. புறநானூற்றுக் கபிலரோ, எருக்கம்பூவை நல்ல பூ என்றும் சொல்ல மாட்டார், தீய பூ என்றும் சொல்ல மாட்டார்; ஆயினும் அன்புடன் கொடுத்தால் தெய்வம் அதை வேண்டாம் என்று ஒதுக்காது என்று பாரியின் கொடைக்கு அதை உவமையாக்குகிறார்.

ஸ்தல விருட்சங்களிலும் இந்த நச்சுக் கூட்டத்துக்குக் குறைவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கு. திருவாரூரை அடுத்த திருக்கரவீரத்தில் செவ்வலரி. கரவீரம் என்றாலே அலரிதான். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிதம்பரம். அங்கே தில்லை மரத்தினால்தான் ஊருக்கே தில்லை என்று பெயர் வந்தது. பிச்சாவரத்துக் கழியில் இன்றும் அடர்ந்து நிற்கும் அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் கண் அவிந்துபோகும். உலகெல்லாம் வந்து தரிசிக்கும் ஆடலரசன் ஒரு நச்சு மரக் காட்டிலேதான் கோயில் கொண்டிருக்கிறான்!

இந்தப் பூக்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. எருக்கம்பூவைப் பெண்கள் தலையில் சூடுவதில்லை. அரளியையும் ஊமத்தையையும் அப்படியே. மணிமேகலையில் அலரி மாலையும் எருக்கு மாலையும் அணிந்து தெருவில் திரிபவன் ஒருவன் வருகிறான், அவன் பித்தன். காதலில் தோற்று மடலேறும் தலைவன் அணிவதும் எருக்கு மாலைதான். அதாவது, தெய்வத்துக்கு ஆகும், பித்தனுக்கு ஆகும், உயிரை வெறுத்தவனுக்கு ஆகும், வீட்டு மனிதருக்கு ஆகாது. மருந்துக் கடைப் புட்டியின் மேல் மண்டையோடும் இரண்டு எலும்பும் அச்சிட்டு ஒட்டும் வழக்கம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால், எழுத்தறியாத மக்களுக்காக ஒட்டப்பட்ட சீட்டு இது என்றே எனக்குத் தோன்றுகிறது. "இது சாமிப் பூ, வாயில் வைக்காதே" என்று பாட்டி சொன்னால் பேரன் கேட்டான். காரணம் அவளுக்குத் தெரிந்ததோ, இல்லையோ, பலன் கிடைத்தது.

பித்தனும் ஊமத்தையும்

சிவபெருமானுக்குப் பித்தன் என்று பெயர். சுந்தரர் வாயிலிருந்து முதலில் வந்த சொல்லே அது. அவர் சடையில் ஊமத்தம் பூ இருக்கிறது. வடமொழியில் உன்மத்தம் என்றால் பைத்தியம். பூவுக்கும் அதே பெயர். பெயரிலேயே எச்சரிக்கை அடங்கியிருக்கிறது.

ஊமத்தை விதையைத் தின்றவனுக்கு வாய் வறண்டுபோகும், முகம் சிவந்து உடல் கொதிக்கும், கண்ணின் பாவை விரிந்து வெளிச்சம் கூசும், நாடி ஓடும். பிறகு பிதற்றல் தொடங்கும். இல்லாத மனிதரோடு பேசுவான். விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டேயிருப்பான். இந்த நூல் இழுக்கும் அடையாளத்தை இந்திய வைத்தியச் சட்ட நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. விதையோ பார்வைக்கு மிளகாய் விதையைப் போலவே இருக்கும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் வழிப்பறிக்காரர்கள் பிரயாணிகளுடன் சிநேகம் பண்ணிக்கொண்டு, சோற்றிலும் தின்பண்டத்திலும் இதைக் கலந்து கொடுத்து, மயங்கியபின் மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இத்தகைய குற்றத்துக்கென்றே 328-வது பிரிவை வகுத்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 123-வது பிரிவாக இருக்கிறது. ரயிலில் அன்னியர் கொடுப்பதை வாங்கித் தின்னாதீர்கள் என்று இன்றும் அறிவிப்பதன் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

இனி, ஒரு குழந்தை விளையாட்டாக முள்ளுக் காயை உடைத்து விதையைத் தின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். பெற்றோர் பார்க்கவில்லை. அந்தி வேளையில் குழந்தை கண் விரித்து, முகம் சிவந்து, சுவரைப் பார்த்துப் பேசுகிறது. எந்தத் தாய்தான் பேய் என்று பயப்பட மாட்டாள்? பூசாரியைக் கூப்பிடுகிறார்கள். உடுக்கு அடிக்கிறார், விபூதி போடுகிறார், வேப்பிலையால் அடிக்கிறார். இதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. சாமிப் பூ என்று தொடாமல் வைத்த வழக்கம் உயிரைக் காத்தது. பேய் என்று உடுக்கடிக்கும் வழக்கமோ உயிருக்கு உலை வைக்கிறது. இரண்டும் ஒரே வீட்டின் நம்பிக்கைகள்தான். ஆனால் ஒன்று நஞ்சுக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்கிறது. மற்றொன்று மனிதனுக்கும் வைத்தியருக்கும் நடுவே நிற்கிறது. இந்த வேற்றுமையை நாம் உணர வேண்டும்.

பிள்ளையாரின் கண்கள்

களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது எதனால் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: குந்துமணியால். குன்றிமணி என்பதே அப்படி மருவிற்று. சிவந்த உடம்பும் கறுத்த மூக்குமாக அதைவிட அழகான விதை வேறில்லை. தட்டார் தராசில் அதுவே எடை. ஒரு மணி ஏறக்குறைய கால் கிராமில் பாதி இருக்கும். "குந்துமணித் தங்கம்கூட இல்லை" என்று நம் பெண்மணிகள் சொல்வதும் அதனால்தான். வெளியே செம்மையும் உள்ளே கருமையும் உடைய போலித் துறவிக்கு வள்ளுவர் அதை உவமை சொன்னார். ஆரம்பாக்கத்துக்கு அப்பால் தெலுங்கரும், தன் அடிக் கறுப்பைத் தானறியாத குருவிந்த மணி என்று பிறர் குற்றம் பேசுவோரைக் கேலி செய்வார்கள். எல்லைக் கல் செடிக்கும் இல்லை, பழமொழிக்கும் இல்லை.

இந்த அழகிய மணிக்குள் இருக்கும் நஞ்சு மிகக் கொடியது. ஆனால் அதன் ஓடு கெட்டி. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து நொறுக்கினாலோ, மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ அபாயம். 1882-இல் பாரிஸ் கண் வைத்தியர் ஒருவர் இதன் கஷாயத்தைக் கண்ணோய்க்குப் பரிந்துரைத்தபோது, அதன் வேகத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்று சிலர் வாதித்தார்கள். கிருமியல்ல, விதையிலுள்ள ஒரு புரதமே என்று 1884-இல் கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இருவர் நிரூபித்தார்கள். பின்னர் 1891-இல் ஜெர்மனியில் பால் எர்லிக், இந்த நஞ்சையும் ஆமணக்கு விதையின் நஞ்சையும் சுண்டெலிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து, உடல் தனக்குள்ளேயே மாற்று மருந்து தயாரித்துக்கொள்வதைக் கண்டார். ஒரு நஞ்சுக்குப் பழகிய எலி மற்றொரு நஞ்சுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல். நோய் எதிர்ப்புச் சாஸ்திரத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று நம் பிள்ளையாரின் கண்மணி!

வேலனின் மாலை

மலை நாட்டுக் காந்தளின் கதை இன்னும் விசித்திரமானது. தீக்கொழுந்து போன்ற அந்தப் பூ முருகனுக்கு உரியது; இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. வேலன் முருகாவேசம் கொண்டு ஆடும் வெறியாட்டுக்குத் தொல்காப்பியம் வைத்த துறைப்பெயரே காந்தள். அகப்பாட்டுக்களில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு: மகள் மெலிகிறாள், தாய் கவலையுற்று வேலனை அழைக்கிறாள், அவன் கழங்கு பார்த்து முருகன் செய்த நோய் என்கிறான், தோழி உள்ளுக்குள் சிரிக்கிறாள், ஏனெனில் நோய் காதல். மந்திரவாதி நோயைத் தவறாகக் கணிப்பான் என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கேலி செய்த சமூகம் நம்முடையது. பூசாரியை நகைப்பது மேல்நாட்டிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடமல்ல.

காந்தளின் கிழங்குக்குக் கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றும் பெயர்கள். மந்திர நூல்கள் வசியம் முதல் மாரணம் வரை எட்டுக் கருமங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு மூலிகை குறிக்கும்; கொல்லும் கருமமாகிய மாரணத்துக்குரிய மூலிகைகளில் கார்த்திகைக் கிழங்கு வருகிறது. அத்தகைய வேரைப் பறிக்கப் போகிறவன் செடிக்குக் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லிப் பிறகுதான் தோண்ட வேண்டும். ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு சகோதரக் கதை உண்டு. ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த மாண்ட்ரேக் என்னும் செடியை வேரோடு பிடுங்கினால் அது அலறும், கேட்டவன் சாவான் என்று நம்பி, நாயின் கழுத்தில் கட்டி இழுக்கச் செய்தார்களாம். நச்சு வேரைத் துணிந்து, அவசரமாக, விளையாட்டாகத் தோண்டாதே என்பதே இரண்டு சடங்குகளின் சாரமும்.

அதே காந்தள் இன்று ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் பந்தலிட்டுப் பயிராகிறது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் என்ற சத்து கீல்வாதத்துக்கு நல்ல மருந்து. அளவு மிஞ்சினால் அதுவே எமன். மந்திரவாதியின் மாரண மூலிகை உழவனின் பணப் பயிராயிற்று.

மருந்து வைத்தல்

இவ்வளவு தூரம் வழக்கத்தின் நன்மையைச் சொன்னேன். அதன் இருண்ட பக்கத்தை மறைப்பது தர்மமாகாது. "மருந்து வைத்துவிட்டாள்" என்ற சொல் நம் குடும்பங்களில் எவ்வளவு தீமை செய்திருக்கிறது! புருஷன் தாயாரிடம் முகங் கொடுத்துப் பேசவில்லையானால் மருமகள் மருந்து வைத்தாள். வயிற்று வலி தீரவில்லையானால் ஓரகத்தி மருந்து வைத்தாள். உடனே "மருந்து எடுப்பவர்" வருகிறார், வாந்திக்குக் கொடுக்கிறார், வயிற்றிலிருந்து ஏதோ உருண்டையை எடுத்துக் காட்டுகிறார். குற்றஞ் சாட்டப்பட்ட பெண் வாழ்நாளெல்லாம் தலை குனிந்து நடக்கிறாள். உண்மையான வயிற்று நோயோ உள்ளே வளர்கிறது. மனிதர் மனத்தை மாற்றும் இலை ஒன்றும் இவ்வுலகில் இல்லை. புத்தியைக் கலக்கும் இலை உண்டு; அன்பை உண்டாக்கும் இலை இல்லை. மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரஞ் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் சட்டம் சுவரொட்டியைத்தான் கிழிக்கும். மனத்தில் ஒட்டியிருப்பதை நாம்தான் கிழிக்க வேண்டும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. சாமிக்குச் சூட்டிய எருக்கின் பாலையே பிறந்த பெண் சிசுவின் வாயில் ஊற்றிய கொடுமை, 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வெளிவந்தபோது நாடே வெட்கித் தலை குனிந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது அதன் பின்னர்தான். செடி குற்றவாளியல்ல, வரதட்சிணையும் வறுமையும் பெண்ணைப் பாரமென்று எண்ணும் புத்தியுமே குற்றவாளிகள். ஆயினும் ஒரு பாடம் தெளிவாகிறது: தெய்வத்தின் பெயரால் ஒட்டிய சீட்டு, அறியாத கையைத் தடுக்கும், தீர்மானித்த கையைத் தடுக்காது.

சோதனை விதை

ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவைச் சேர்ந்த கலபார் பகுதியில், எபிக் மக்கள் சூனியக் குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு ஒரு நச்சு விதையை அரைத்துக் கொடுப்பது வழக்கம். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. எடின்பரோ வைத்தியப் பேராசிரியர் கிறிஸ்டிசன் 1855-இல் அதைத் தாமே தின்று பார்த்து, அரும்பாடு பட்டுத் தப்பினார். 1864-இல் பிராகு நகரில் அட்ரோபின் நஞ்சேறிய சிலருக்கு ஒரு வைத்தியர் அந்தக் கலபார் விதையின் சத்தைக் கொடுத்து முறிவு கண்டார். ஊமத்தையில் இருப்பதும் அந்த அட்ரோபின் வர்க்கந்தான். அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை, ஊமத்தை நஞ்சு கடுமையாக ஏறியவர்களுக்கு வைத்தியர்கள் இன்றும் கவனத்துடன் பயன்படுத்துகிறார்கள். ஒரு கண்டத்தின் மந்திர நஞ்சை மற்றொரு கண்டத்தின் மந்திர நஞ்சு முறிக்கிறது. ஆனால் இதைக் கண்டுபிடித்தது உடுக்கையல்ல. நிறுத்துப் பார்க்கும் தராசும், குறித்து வைக்கும் பேனாவும்.

புதிய விருந்தாளி

தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளி வரிசை வரிசையாகப் பூத்துக் குலுங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடு தின்னாது, வெயிலுக்கு வாடாது, எதிர் வண்டியின் விளக்கொளியை மறைக்கும். செவ்வரளி நம் நாட்டுப் பழங்குடி. மஞ்சள் அரளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. பூ அழகாயிருந்தபடியால் பூஜைக்கும் சேர்த்துக்கொண்டோம். ஆனால் அதன் காயைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிவைத்த எச்சரிக்கை நமக்குப் போதுமானதாக இல்லை. இலங்கையில் 1980-க்குப் பிறகு இதன் நஞ்சேறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இருதய மருந்தாகிய டிஜாக்சினுக்கு எதிராகத் தயாரித்த முறிவு மருந்து இதற்கும் பயன்படுகிறது என்று அங்கே நடந்த ஆராய்ச்சி 2000-இல் காட்டியது. ஆனால் அந்த மருந்து விலை மிகுந்தது. பழைய நஞ்சுக்குப் பழைய சீட்டு இருந்தது. புதிய நஞ்சுக்குப் புதிய சீட்டு நாம்தான் எழுத வேண்டும்.

அரசாங்கம் தன் பங்குக்கு ஒன்று எழுதியிருக்கிறது. மருந்துச் சட்டத்தின் கீழ் அலரி, எட்டி, கலப்பைக் கிழங்கு, குன்றி, ஊமத்தை, சேராங்கொட்டை முதலியவை நச்சுச் சரக்குகளின் அட்டவணையில் அடங்கும். இவை சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளின் மேல் வைத்தியர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். சுத்தி செய்யாமல் இச்சரக்குகளைத் தொடலாகாது என்று சித்த வைத்தியர்களும் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆகவே புத்தகத்தில் படித்தோ, பக்கத்து வீட்டார் சொல்லியோ வேலியிலிருந்து பறித்து அரைத்துக் குடிப்பது சித்த வைத்தியமும் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் கண் வைத்தியரிடம் போக வேண்டும். குழந்தை ஏதாவது காயையோ விதையையோ தின்றுவிட்டால் வாயில் எஞ்சியதை எடுத்துவிட்டு, வற்புறுத்தி வாந்தி எடுக்க வைக்காமல், தின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். அந்தக் கிளை வைத்தியருக்கு ஆயிரம் வார்த்தை சொல்லும். திடீரென்று பிதற்றுகிற குழந்தையைப் பூசாரியிடம் காட்டுவதானால், வைத்தியர் பார்த்து அனுப்பிய பிறகு காட்டலாம். விபூதி காத்திருக்கும், நஞ்சு காத்திராது.

வருகிற பிள்ளையார் சதுர்த்திக்கும் எருக்க மாலை வாங்குவோம். குந்துமணிக் கண்ணும் வைப்போம். அவற்றை விட்டுவிட வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாலை கட்டியபின் கையைக் கழுவிவிட்டு, பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம், "இது சாமிப் பூ" என்பதோடு நிறுத்தாமல், "ஏன் சாமிக்கு மட்டும் என்று தெரியுமா?" என்றும் கேட்போம். பாட்டி பாதி சொன்னாள். மீதியைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.